மஃப்ளர் குறைந்த கோடை

ஜூலை 28

மரங்கள் முடிந்து பாறையும் புல்லும் தொடங்குகிற சரிவில் நூற்றிருபது நீலமணிச் செடிகளுக்கு அடையாளமாக வெள்ளை நூல் கட்டினேன். இன்னும் எண்பது பாக்கி. நூல் தீர்ந்துவிட்டது. இந்த உயரத்தில் இவை விதை பிடிக்கின்றன என்று காட்டாவிட்டால் ஆய்வை மூடிவிட்டு, என்னை நகரத்து அலுவலகத்தில் கோப்பு அடுக்க உட்காரவைப்பார்கள். போயும் போயும் நூலுக்காகவா தோற்பது?

நாங்கள் இருவரும் தங்கும் குடிலின் வாசலில், மழையும் காற்றும் அளக்கிற வானிலைக்காரரின் ஆணியில், அவருடைய சிவப்பு மஃப்ளர் தொங்குகிறது.

ஜூலை 29

எண்பதும் கட்டியாயிற்று. இழுக்க இழுக்கச் சிவப்பு நூல் வந்துகொண்டே இருந்தது. படித்தவள் செய்கிற காரியமா?

ஆகஸ்ட் 9

"மேடம், இந்த மஃப்ளர் மூணு சுத்து வரும். இப்ப ரெண்டரைதான் வருது. என் கழுத்து பெருத்துடுச்சா?"

"மலைக்காத்து சார். உடம்பு தேறியிருக்கும்."

அவர் மனைவி பின்னியதாம். அதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும்?

ஆகஸ்ட் 11

ஆலங்கட்டி மழை. வெள்ளை நூல் செடிகள் அத்தனையும் கூழ். பாறைக்குவியலின் மறைவில் இருந்த சிவப்பு நூல்கள் மட்டும் தப்பின. காய் விட்டிருக்கின்றன. திருட்டு நூல்தான் காப்பாற்றும்போல.

ஆகஸ்ட் 17

சிவப்பில் அறுபத்தாறு செடிகளைக் காணோம்! கத்தரி வைத்தாற்போல் அடியில் வெட்டு. குடிலில் கத்தரி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். பழிவாங்குகிறாரா? கேட்கவும் முடியாது — நூல் ஏது என்பார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை.

ஆகஸ்ட் 20

மழைமானி பார்க்கப் போனவர் பாறைக்குவியலிலிருந்து கத்தினார். "மேடம், ஓடி வாங்க! என் மஃப்ளர் இங்க காயுது!"

பாறை இடுக்கில் ஒரு குட்டி வைக்கோல்போர். பைக்கா — முயலுக்கு உறவு, வால் கிடையாது, கைக்குள் அடங்கும் — குளிர்காலத்துக்குச் சேர்த்த தீனி. நடுநடுவே சிவப்பு முடிச்சுகள். காயைப் பிளந்தால் விதை! கடுகைவிடச் சிறிது, நன்றாக முற்றியது. வீட்டுக்காரர் மேல்பாறையில் நின்று எங்களைக் கீச்சென்று திட்டித் தீர்த்தார். பத்துக் காய்களோடு நிறுத்திக்கொண்டேன். திருடனிடம் திருடுவதற்கும் ஓர் அளவு உண்டு.

"சார், அந்த நூல் வந்து..."

"தெரியும் மேடம். மூணு சுத்து சுத்தினா மூச்சு முட்டுது. வீட்டுல சொல்ல முடியுமா? நீங்க இன்னும் கொஞ்சம் வேகமாப் பிரிச்சிருக்கலாம்."

செப்டம்பர் 6

அடுத்த ஆண்டும் ஆய்வு தொடரலாம் என்று கடிதம். அதே வண்டியில் வானிலைக்காரருக்கு ஒரு பொட்டலம். பழையது சுருங்கிவிட்டது என்று வீட்டுக்கு எழுதியிருந்தாராம். புதியது மஞ்சள். நாலு சுற்று.

அதைக் கழுத்தில் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் மேசைக்கு மேலே புதிதாக ஓர் ஆணி அடித்து, அதில் மாட்டிவிட்டுப் போனார்.