மூன்று ஊஞ்சல் நாற்காலிகளும் ஒரு தர்பூசணியும்

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.10. வீட்டில் இப்போது இருப்பவர்கள் இரண்டே முக்கால் பேர்.

அன்புள்ள பெரியவளே,

இரண்டே முக்கால் பேரும் சௌக்கியம். முக்கால் என்பது தோராயம், ஏழு மாதம் முடிந்துவிட்டது, ஏழை ஒன்பதால் வகுத்துப் பார், முக்காலுக்குக் கொஞ்சம் மேலேயே வரும். நீ சௌக்கியமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். பெரியவளே என்று கூப்பிட்டதற்கு முகத்தைச் சுளிக்காதே, பதினெட்டு வருஷம் இந்த வீட்டில் ஒரே பிள்ளையாகக் குப்பை கொட்டியதற்குப் பதவி உயர்வு, சம்பளம் கிடையாது. போனில் நான் நாற்பது நொடிக்கு மேல் பேசுவதில்லை என்று அம்மா புகார், அதனால்தான் கடிதம். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார், முப்பத்தேழு வயசு ஒரு வயசே இல்லை என்றும் சொன்னார், அம்மா அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். கண்ணாடிக் கடையில் அவளுக்கு இந்த வாரத்திலிருந்து விடுப்பு. கால் கொஞ்சம் வீங்குகிறது. கோபம் வழக்கம்போல.

விஷயத்துக்கு வருகிறேன். பின்வாசல் வராந்தாவுக்கு ஊஞ்சல் நாற்காலி வாங்கியாகிவிட்டது. நீ படம் அனுப்பி வாங்கச் சொன்ன கூடை நாற்காலி இல்லை. ஏன் இல்லை என்று நீ கேட்பாய், கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். குழந்தை வந்த பிறகு பகலில் அம்மா வீட்டில் தனி. நீ ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வரவேண்டிய தூரத்தில் இருக்கிறாய், மாமா எதிர்த் தெருவில் இருந்தும் பகலில் எங்காவது சாரத்தில் ஏறிச் சுவர் பூசிக்கொண்டிருப்பார், நான் யாருடைய லிஃப்டுக்குள்ளாவது இருப்பேன். ஆகவே குழந்தையை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு அவள் உட்காரவேண்டும், பால் கொடுக்கவேண்டும், யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்திருக்கவேண்டும். அதுதான் கணக்கு. இவ்வளவு சின்ன விஷயம் என் மண்டையில் ஏற இரண்டு வாரம் ஆனது.

நான் செய்தது என்ன என்றால் அட்டவணை போட்டேன். கடைகளில் நூறு பெயர் வைத்து விற்கிறார்கள், பெயர்களைத் தூக்கிப் போட்டால் மிஞ்சுவது மூன்றே வகை. ஒன்று கூடை, முட்டையைப் பக்கவாட்டில் குடைந்தது போல இருக்கும், அதைத் தொங்கவிட வளைந்த இரும்புக் கம்பமும் சேர்ந்தே வரும், கூரையில் துளை போடவேண்டாம். இரண்டாவது துணி, மேலே ஒரு கட்டை, கீழே கெட்டித் துணி, ஒரே கொக்கியில் தொங்கும், வேண்டாதபோது மடித்து அலமாரியில் வைக்கலாம். மூன்றாவது பலகை, சாய்மானமும் கைப்பிடியும் உள்ள மர நாற்காலிதான், காலுக்குப் பதில் நான்கு கயிறு, கூரையில் இரண்டு கொக்கி. எடை, துரு, மழை, இடம், சத்தம், சுத்தம் செய்வது, மாட்டும் நேரம் என்று ஏழு கட்டம் போட்டுக் கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். கூடை 58, துணி 51, பலகை 44. அச்சடித்து அம்மாவிடம் நீட்டினேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்திவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, கடைசி வரி வரை படித்தாள். எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இதுல எந்திரிக்கிறதுக்குக் கட்டம் எங்க என்றாள். நான் புரியாமல் பார்த்தேன். இத்தனை வருஷமா லிஃப்ட் பாக்குறீங்க, ஏறுறதை மட்டும் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவீங்களா, உள்ள போனவன் வெளிய வர வேணாமா என்றாள். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

போன வாரம் சனிக்கிழமை கடைக்குப் போனோம். போகும் வழியில் பழக்கடையில் நிறுத்தச் சொல்லி ஒரு தர்பூசணி வாங்கினாள், வாங்கும் முன் நான்கைந்தைத் தராசில் வைத்து வைத்து எடுத்தாள், மூன்று கிலோ நானூறு. நீ பிறந்தபோது மூன்று கிலோ நூறு, இரண்டாவது கொஞ்சம் கூடத்தான் இருக்குமாம், அவளே முடிவு செய்துவிட்டாள். துப்பட்டாவில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது அங்கே நின்ற விற்பனைப் பெண், சாப்பாட்டுச் சாமான் உள்ளே கொண்டுவரக்கூடாது என்றாள். சாப்பாடு இல்லம்மா, பிள்ளை என்று சொல்லிவிட்டு அம்மா நேராகக் கூடைக்குப் போனாள்.

கூடையில் உட்கார்ந்தாள் என்று சொல்வது தவறு, விழுந்தாள். மெத்தை அவளை முழுங்கியது. முட்டி நெஞ்சுக்கு நேராக வந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், ஆமையைப் புரட்டிப் போட்டது போல இரண்டு காலும் காற்றில் ஆடின. நான் கை நீட்டினேன், தொடாதீங்க என்றாள். மூன்று தடவை முயன்றாள், மூன்றாவது தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்கச் சிரிக்க இன்னும் உள்ளே போனாள். கடைசியில் தர்பூசணியை என்னிடம் கொடுத்தாள், அந்தப் பெண் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். உன் ஓட்டு அங்கேயே செல்லாத ஓட்டு ஆகிவிட்டது. அடுத்தது துணி. உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள், ஆகா, இதை விட்டு எந்திரிக்கவே வேணாம் என்றாள். சொன்னது போலவே ஆனது. காலை ஊன்றினால் நாற்காலி சுற்றியது, ஒரே கொக்கி, வேறென்ன செய்யும். சுற்றி நின்றபோது அவள் முகம் சுவரைப் பார்த்து இருந்தது. யாருங்க அங்க, என்னைக் கொஞ்சம் திருப்பி விடுங்க என்று சுவரிடம் கேட்டாள். பலகையில் முதல் தடவை எழுந்துவிட்டாள், ஆனால் எழும்போது நாற்காலி பின்னால் போய்த் திரும்பி வந்து முட்டியின் பின்பக்கத்தில் இடித்தது, தொப்பென்று மறுபடி உட்கார்ந்தாள். அப்போது அந்த விற்பனைப் பெண், அக்கா இங்க குடுங்க என்று தர்பூசணியை வாங்கித் தான் உட்கார்ந்து காட்டினாள், இரண்டு பிள்ளை பெற்றவளாம். விளிம்புக்கு நகர்ந்து, ஒரு காலைப் பின்னுக்கு இழுத்து, கெண்டைக்கால் பலகையை ஒட்டியபடியே எழுந்தாள். நாற்காலி அசையவில்லை. அதிகம் விற்பது கூடைதானாம், வாங்குகிறவர்கள் எல்லோரும் உக்காந்து பாக்குறாங்க அக்கா, எந்திரிச்சுப் பாக்குறவங்களை இன்னிக்குத்தான் பாக்குறேன் என்றாள். அதற்குள் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. திரைச்சீலை வாங்க வந்த இரண்டு பெண்களும், ஒருத்தியின் வீட்டுக்காரரும், வரிசையில் நின்று தர்பூசணியை வாங்கி உட்கார்ந்து எழுந்தார்கள். அந்த மனிதர் மட்டும் எழும்போது அதைக் கீழே போடப் பார்த்தார், அவர் மனைவி, தெரிஞ்சதுதானே என்றாள். பலகையை வாங்கினோம். சாயங்காலம் தர்பூசணியை வெட்டினோம், நல்ல சிவப்பு.

இனிமேல்தான் என் பங்கு. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடு. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, ஆள் ஏறும் முன் எடை ஏறவேண்டும், அதுவும் மடங்கு கணக்கில். கூரையில் துளையிட்டு ஆங்கர் போல்ட் அடித்து இரண்டு கொக்கி மாட்டினேன். மாமாவிடமிருந்து நாலு மூட்டை மணல் வாங்கி, மூட்டைக்கு ஐம்பது கிலோ, நாற்காலியில் அடுக்கி இருபத்துநாலு மணி நேரம் விட்டேன். மறுநாள் கொக்கியை அளந்தேன், மயிரிழை நகரவில்லை, கூரையில் கீறல் இல்லை. பெருமையோடு மூட்டைகளை இறக்கிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். உட்கார்ந்தாள். முட்டி தாடைக்குப் பக்கத்தில் வந்தது. அளந்து பார்த்தால் நாற்காலி பதினொரு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. எஃகுக் கயிற்றையே பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பருத்திக் கயிறு நீளும் என்று தோன்றவில்லை. மூட்டையை எடுத்துப் போக வந்த மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு, மாப்ள, லிஃப்ட் கிரவுண்டு ஃப்ளோருக்கு வந்துருச்சு போல, கதவைத் தொறங்க என்றார். நான் சிரிக்கவில்லை. குளியலறைக்குள் போய்த்தான் சிரித்தேன். ஆனால் ஒன்று, அந்தக் கயிறு நீளவேண்டிய நீளத்தை ஒரே ராத்திரியில் நீண்டு முடித்துவிட்டது, இனிமேல் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும்போது இறங்காது. இதை மாமாவிடம் சொன்னேன், மீசையில மண்ணு ஒட்டலைங்கிறீங்க என்று மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். அம்மாவைச் சுவரோரம் வெறுங்காலில் நிற்கவைத்து முட்டிக்குப் பின்னால் பென்சிலால் கோடு போட்டேன், நாற்பத்துமூன்று. எழுந்திருக்க வசதியாக மூன்று கூட்டி நாற்பத்தாறில் முடிச்சுகளை அவிழ்த்துக் கட்டினேன். நாலு கயிறும் ஒரே மட்டத்துக்கு வர மூன்று தடவை கட்டவேண்டியிருந்தது. பொறுமை எனக்கு எவ்வளவு என்று உனக்குத் தெரியும். வார்த்தைகளை இங்கே எழுதவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கடைசிச் சோதனை. புதுத் தர்பூசணி, மூன்று அறுநூறு, சின்னது கிடைக்கவில்லை. கையைப் பின்னாடி கட்டிக்கோங்க, நான் விழுந்தாலும் எடுக்கக்கூடாது என்றாள். கட்டிக்கொண்டேன். பத்து நிமிஷம் மெதுவாக ஆடினாள். வராந்தாவுக்கு நேரே பக்கத்து வீட்டுக் கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விளிம்புக்கு நகர்ந்தாள், காலை இழுத்தாள், எழுந்தாள். ஒரே மூச்சில். தள்ளாடவில்லை. பாஸ் என்று கத்தினேன், வேலையிடத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை. அவள் தர்பூசணியை இரண்டு கையிலும் வைத்தபடி அங்கேயே நின்றாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். எந்திரிச்சாச்சு, இப்ப யார்கிட்ட குடுக்க என்றாள். நான் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து நீட்டினேன். இன்னிக்கு நீங்க இருக்கீங்க, அன்னிக்கு இருக்க மாட்டீங்களே என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

உனக்கு இது தெரிந்திருக்காது. நீ பிறந்த மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். எனக்கு இருபது வயசு, படிப்பு முடித்த கையோடு கிடைத்த வேலை, போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நாலாவது மாடியில் ஒற்றை அறை, அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து உனக்குப் பால் கொடுப்பாள், எழுந்திருக்கவேண்டுமானால் உன்னைக் கீழே படுக்கவைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து மறுபடி குனிந்து உன்னைத் தூக்கவேண்டும். அவள் தன் வாயால் சொல்லித்தான் இது எனக்கே தெரியும், நான் பார்த்ததில்லை. நான் நாற்காலிக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது சரி, கொக்கியும் சரி, ஆனால் நாற்காலி பிள்ளையை வாங்கிக்கொள்ளாது.

அதனால் அப்போதே வராந்தாவில் நின்றபடி மேற்பார்வையாளருக்குப் போன் செய்து ஆறு வாரம் விடுப்புக் கேட்டேன். ஆறு வாரமா, நீ இல்லாம லிஃப்ட் நின்னுச்சுன்னா என்ன பண்றது என்றார். "படி இருக்கு சார்" என்றேன். வேலை போச்சு என்று நினைத்தேன், பிறகு பார்த்தால் சிரிக்கிறார். நாலு வாரம் முழுசாக, அதற்கப்புறம் ரெண்டு வாரம் மதியம் வரைக்கும் மட்டும் என்று முடிந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா மறுபடி ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் ரெண்டு வாரம் சேத்துக் கேட்டிருக்கலாம் என்றாள்.

உன் விஷயத்துக்கு: மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் பழகுகிறேன் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம், பின்னால் நிற்காதே, பக்கவாட்டில் நில். காலை வேளையில் சாப்பிடாமல் வகுப்புக்குப் போகாதே. விடுதி ஜன்னல் கம்பியில் எதையும் கட்டி ஆடாதே, அந்தக் கம்பியை நான் பார்த்திருக்கிறேன், துணி காயப் போடக்கூட லாயக்கில்லை. நன்றாக இரு, நல்ல மதிப்பெண் எடு, எடுக்காவிட்டாலும் நன்றாக இரு. அம்மா தன் ஆசீர்வாதத்தைத் தனியாக எழுதச் சொன்னாள், என்ன எழுத என்று கேட்டேன், அவளுக்கே தெரியும் என்றாள். எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் சரி.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை விடுப்பு மனுவை எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குவது. வாய்ச்சொல்லை நம்புவதில்லை.
2. ஊஞ்சலுக்கு வலது பக்கம், உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில், தண்ணீருக்கும் போனுக்கும் ஒரு தட்டு அடிப்பது. உயரத்தை அம்மாவைக் கேட்டுவிட்டு.
3. கொக்கிகளை மாதம் ஒரு தடவை பார்ப்பது. மணல் மூட்டை இனிக் கிடையாது.
4. மூன்று கிலோ அறுநூறைக் கையில் வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்து எழுந்து பழகுவது. நேற்று இரண்டு தடவை முயன்றேன், அம்மா பார்த்த தடவை சரியாக வரவில்லை.
5. குழந்தை பிறந்ததும் முதல் போன் உனக்கு. வகுப்பில் இருந்தாலும், தொழுவத்தில் இருந்தாலும், எடு.

உன் அப்பா