தவக்காலத்து ஊசி

மார்ச் 24, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். நேற்று டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்து, இதய எக்கோ எடுத்தது; இன்று ரிசல்ட். கல்லூரிக்கு அரை நாள் லீவு.

ஹார்மோன் டாக்டரம்மா பேப்பரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஜனவரியில் சரியாக இருந்த ஹார்மோன் அளவு, ஊசி தொடங்குவதற்கு முன்பிருந்த இடத்துக்கே இறங்கிவிட்டதாம். கெட்ட கொழுப்பும் ஏற்றம்.

"ஊசிய தெனமும் போடறீங்களா?"

"ஒரு நாள் கூட விடலீங்க டாக்டர்."

நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது. தலைக்குள் கட்டி எடுத்து ஆறு வருஷம். அதோடு வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதும் நின்றது. வளர்ந்தவர்களுக்கும் அது வேண்டும், இல்லாவிட்டால் இதயம் சோர்ந்துபோகும் என்று சொல்லிக்கொடுத்ததே இவர்தான். போன வருஷ எக்கோவில் இதயத் தசை மெலிவு. ஒரு வருஷம் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் ஊசி.

எக்கோ இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறதாம். "அது முந்தி கெடச்ச பலன். ஒடம்பு இனிக் கேக்கலைன்னா ஊசிய நிறுத்திரலாம். ஈஸ்டர் முடிஞ்சு ஏழாம் தேதி வாங்க, முடிவு பண்ணலாம்."

நான் வேலை பார்க்கும் நூலகம் இரண்டாம் மாடி. லிஃப்ட் ரிப்பேர். நாலு தடவை நின்று ஏறினேன். பொங்கல் சமயத்தில் ஒரே மூச்சில் ஏறியவள்.

மார்ச் 27, வெள்ளி

வாங்க: துவரம்பருப்பு, துணி சோப்பு, ஊசி முனை ஒரு பெட்டி.

மாலை சர்ச்சில் சிலுவைப்பாதை ஜெபம். ஏழாம் தலத்தில் முழங்காலிட்டவளால் எழ முடியவில்லை. வீட்டுக்காரர் அருள் கை கொடுத்துத் தூக்கினார். பின்னால் யாரோ, "அம்மணிக்கு பக்தி சாஸ்தி." எரிச்சல். பக்தியாவது ஒன்றாவது, கால் வரவில்லை.

வீட்டில் பழைய பேனா ஊசி தீர்ந்தது; ஒரு பேனாவில் பல நாள் மருந்து. ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் புதியது தயார். வாங்குவது, பத்திரப்படுத்துவது, தீர்ந்ததும் புதியதை எடுத்து வைப்பது எல்லாம் அருள்தான். மில் எலெக்ட்ரீஷியன், எதிலும் ஒழுங்கு. என் வேலை தொடையில் குத்திக்கொள்வது மட்டும்.

"நிறுத்திட்டா என்ன ஆகுமுங்க?"

"நிறுத்த மாட்டாங்க."

"டாக்டரம்மா சொன்னாங்களா?"

"நாஞ் சொல்றேன் அம்மணி."

ஏப்ரல் 1, புதன்

புழுக்கம். மேஜையில் தலை சாய்த்தவள் தூங்கியேவிட்டேன். ஒரு மாணவி தொட்டு எழுப்பி, "மேடம், சீல் போட்டுத் தாங்க." வெட்கமாகப் போயிற்று.

படி: ஐந்து தடவை நின்றேன்.

எனக்கு 46. அப்பா நெஞ்சுவலியில் போனது 52-ல். பயமாக இருக்கிறது. அருளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

நாளை ஈஸ்டர். அருள் கறி வாங்கி வந்தார். நாற்பது நாளாகக் கறி மீன் இல்லாத வீடு, ப்ரீசர் காலி என்று நினைத்திருந்தேன். திறந்து, ஒரு டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"இதைய கீழ வெச்சுக்கோ அம்மணி. கறி வாடை பட்டுரும்."

என் ஊசிப் பேனாக்கள். டப்பா மேல் வெள்ளையாகப் பனி.

"இது எப்ப இருந்துங்க இங்க?"

"தவக்காலம் ஆரம்பிச்சதுலருந்து. கீழ நொடிக்கொருக்கா கதவத் தெறக்கறோம், கரண்டும் போகுது. மேல சுத்தமா, நல்லா சில்லுனு இருக்குமில்ல? அப்ப கீழ இருந்தது ஒரு வாரத்துல தீந்துச்சு, அப்புறம் இங்கிருந்துதான் ஒண்ணொண்ணா எறக்கி வெக்கறேன். தெனமும் காலைல பாத்துப்போட்டுத்தான் வேலைக்குப் போவேன்."

பெருமையாகச் சொன்னார். குளியலறைக்குப் போய் டப்பாவைப் படித்தேன். உறைந்துபோனால் பயன்படுத்தக் கூடாது. பொடி எழுத்து, ஆனால் இருக்கிறது. ஒரு வருஷமாக நான் படிக்கவே இல்லை.

கத்த வேண்டும் போலிருந்தது. வெளியே வெங்காயம் உரித்துக்கொண்டு ஈஸ்டர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. சாயங்காலம் ஊசி மருந்தை வாஷ்பேசினில் விட்டேன். போட்டாயிற்று என்றேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அருளுக்கு ஷிஃப்ட். நல்லதாகப் போயிற்று, தனியாகப் போனேன்.

"ஊசிய ப்ரீசர்ல வெச்சுப்போட்டேனுங்க டாக்டர்."

"யாரு வெச்சது?"

"நான்தானுங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "லைப்ரரில வேலை பாக்கறீங்க. டப்பாவுல போட்டிருக்கறதப் படிக்க மாட்டீங்களா?"

"படிக்கலீங்க." அது பொய்யில்லை.

உறைந்தால் மருந்து செத்துப்போகுமாம். இத்தனை நாள் போட்டதில் ஒன்றுமே இல்லை. திட்டு வாங்கினேன், கேட்டுக்கொண்டேன். ஊசியை நிறுத்தவில்லை. புது மருந்தில் மூன்று மாதம், பிறகு ரத்தம். சீட்டில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்: நோயாளியே மருந்தை ப்ரீசரில் வைத்துவிட்டார், இனி வைக்கக் கூடாது.

மருந்து வாங்கி, ஐஸ் பெட்டியோடு பஸ். பீளமேட்டில் இறங்கும்போது அழுகை வந்தது. சந்தோஷமா, அலுப்பா, தெரியவில்லை.

சீட்டை ஃபைலில் வைத்தேன்.

ஏப்ரல் 8, புதன்

மேகமூட்டம். படி: ஐந்து.

மாலை வீடு திரும்பி ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ப்ரீசர் கதவைச் சுற்றிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப், மூலைக்கு மூலை இழுத்து ஒட்டியிருந்தது. ஈஸ்டர் கறி மீதி உள்ளேயே. என் ஊசி கீழ்த் தட்டில், ஒரு கிண்ணத்தில்.

அருள் சமையலறை வாசலில் நின்றார். சட்டைகூட மாற்றவில்லை. கையில் என் ஃபைல்; அதுவும் அவர் பொறுப்பு என்பது நேற்று எனக்குத் தோன்றவில்லை.

"நீதான் வெச்சேன்னு சொன்னியா அம்மணி?"

"ஆமாங்க."

ஃபைலை மேஜையில் வைத்தார். பிறகு, "எத்தன ஊசி வீணா குத்திக்கிட்ட?"

"எண்ணலீங்க."

சனிக்கிழமையே எண்ணிவிட்டேன். முப்பத்தெட்டு.