சிவப்பு மைக்கு அடியில் என் பென்சில்

என் பிரியமான அத்தான்,

உங்கள் முதலாம் வருட நினைவு ஜெபத்துக்கு வந்திருந்தவர்கள்: நான், நம் மகன் ஜெபா, உங்கள் தங்கை எஸ்தர், போதகர் ஐயா, உங்களிடம் டியூஷன் படித்த கலா. வேறு யாரும் இல்லை. தல்லாகுளம் வீட்டின் முன்னறைக்கு அதுவே நிறைவாக இருந்தது.

ஜெபம் முடிந்து காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில் கூட்டு வாக்கியம் என்றாலே தனக்குப் பயமாக இருந்தது என்று கலா சொன்னாள். நடுவில் வரும் 'அண்ட்'டைக் கட்டைவிரலால் மறைத்து, இரண்டு பக்கத்தையும் தனித்தனியே வாசிக்கச் சொல்வீர்களாம். "சார் மாதிரி யாரும் சொல்லித் தரல" என்றாள்.

அது நான் உங்களுக்குச் சொன்ன வழி அல்லவா? அகராதியையும் ஜெபாவின் பழைய பாடப்புத்தகங்களையும் வைத்துக்கொண்டு, சமையல் முடிந்த மத்தியானங்களில் நானாகப் படித்துக் கண்டுகொண்டது. டியூஷன் பேப்பர்களை முதலில் நான் பென்சிலால் திருத்துவேன். நீங்கள் அதன்மேல் சிவப்பு மையால் எழுதிவிட்டு, பென்சிலை அழிப்பீர்கள். பிள்ளைகள் முன்னால் உங்கள் மரியாதை குறையக் கூடாது என்று நானும் சம்மதித்திருந்தேன்.

"எனக்கு ஒன்னும் வெளங்கல. ஒங்களுக்கு எதும் வெளங்குச்சா மதினி?" என்று எஸ்தர் சிரித்தாள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். முதலில் கூட்டுச் சொல். 'பிளாக்' ஒரு சொல், 'போர்டு' ஒரு சொல். ஒட்டிவிட்டால் புதிதாக ஒரு பொருள் வந்துவிடும். உங்கள் பள்ளிக்கூடத்துப் பலகை பச்சை நிறம், ஆனாலும் அது பிளாக்போர்டுதான். கூட்டு வாக்கியம் அப்படி இல்லை. 'இட் ரெயின்ட், பட் தி பஸ் கேம்.' நடுவில் உள்ள 'பட்'டை எடுத்துவிட்டாலும் இரண்டும் முழு வாக்கியங்கள். 'பிகாஸ் இட் ரெயின்ட்' என்று சொல்லிப் பார்த்தால், அது இன்னொன்றுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

"இம்புட்டையும் எங்க ஒளிச்சு வச்சிருந்தீக மதினி?" என்றாள் எஸ்தர்.

போதகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருநா நீங்க கோயில்ல இங்கிலீஷ் வேதாகமம் வாசிக்கிறதப் பாத்துட்டு, கப்பலூர் கம்பெனியில வேலை பாக்குற பொம்பளப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழம இங்கிலீஷ் வகுப்பு எடுக்க ஒங்களக் கூப்பிடலாமான்னு சார்கிட்ட அப்பவே கேட்டேம்மா. அவளுக்கு ஏபிசிடியத் தாண்டித் தெரியாது ஐயான்னாரு."

நான் அழவில்லை. உள்ளே போய் டம்ளர்களைக் கழுவினேன்.

சிவப்பு மையை நான் பொறுத்துக்கொள்வேன் அத்தான். ஆனால் என்னைத் தேடி வந்த ஒன்றை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாசலோடு திருப்பி அனுப்பினீர்களே. அன்று வீட்டுக்கு வந்து, நான் திருத்தி வைத்த பேப்பர்களைத்தானே கையில் எடுத்திருப்பீர்கள்? அப்போது என்ன நினைத்தீர்கள்? வெட்கமா? நான் வெளியே போய்விட்டால் பேப்பரை யார் திருத்துவது என்ற யோசனையா? வீட்டுக் கணக்கில் ஒரு வரி இடித்தால்கூட, ஏன் என்று தெரியாமல் நான் பக்கத்தைத் திருப்பியது இல்லை. உங்களுக்குத் தெரியும்.

இறந்தவர்களிடம் விசாரிக்கக் கூடாது என்று வேதம் சொல்கிறது. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போதகர் மறுபடியும் கேட்டிருக்கிறார். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். ஜெபாவுக்கு மனசில்லை. "நீங்க போயி வகுப்பு எடுத்தா, அப்பா பொய் சொன்னாருன்னு ஆயிரும்லம்மா" என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். அப்படித்தான் ஆகும்.

இருந்தாலும் போகிறேன் என்றே சொல்லப்போகிறேன். உங்களைப் பற்றி அங்கே ஒரு குறையும் பேச மாட்டேன், இது என் வாக்கு. ஆனால் இந்த வழியை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எந்தப் பெண்ணாவது கேட்டால், நானே கண்டுபிடித்தது என்பேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

உங்கள் மாமன் மகள், ஜெபாவின் அம்மா,
ரூபி