வானொலிக்கு வராத அழைப்புகள்

கோல்டிங், டென்மார்க், 1988 நவம்பர், ஞாயிறு இரவு.

இன்று எங்கள் தமிழ் நிகழ்ச்சிக்கு ஒருவரும் தொலைபேசி எடுத்துப் பேசவில்லை. போன மாதம் இரண்டு மூன்று பேராவது எடுத்தார்கள். இன்று எவரும் எடுக்காவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவதாக வானொலிப் பொறுப்பாளர் கிர்ஸ்டன் சொல்லியிருந்தார். நானும் செய்திக்கு நடுவே எடுத்துப் பேசும்படி கெஞ்சாத குறையாக அறிவித்தேன். என் வாசிப்புத்தான் சலித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில், என்னைப் போல அகதியாக இங்கு வந்த சிவநேசன் வீட்டுக்குப் போனேன். ஏழு பேர் தொலைபேசியைச் சுற்றி இருந்தார்கள். வானொலி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

“வாங்கோ மாஸ்ரர், முழுக்கக் கேட்டனாங்கள். இருமலை மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்,” என்றார் சிவநேசன்.

“கேட்டனீங்கள் எண்டால் ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை?”

“எடுத்தால் லைன் அடைபட்டுப் போகுமெல்லோ. என்ர மனிசி கொழும்பில போனுக்கு வரிசையில நிக்கிறா. இவையின்ர மனிசிமாரும் இந்த நம்பருக்குத்தான் எடுக்கிறவை.”

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். யாரோ ஒரு டெனிஷ்காரர் எண் மாறி எடுத்திருக்கிறார். எல்லோரும் மறுபடி இருந்தார்கள்.

நாளை கிர்ஸ்டனிடம் இதைச் சொல்லவேண்டும். டெனிஷில் எழுதி இரண்டு முறை திருத்திவிட்டேன். மனைவிமார் ஏன் இன்னும் கொழும்பில் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டால், உங்கள் நீதி அமைச்சு அனுமதி கொடுக்காமல் அவர்களை இங்கு வரவிடவில்லை என்பதுதான் பதில். அதையும் எழுதினேன். பிறகு ‘உங்கள்’ என்பதை வெட்டிவிட்டேன்.