செபாஸ்டின் அண்ணாச்சியின் நல்ல பல்

தூத்துக்குடி
10.2.2025

அன்புள்ள அனு,

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. அணைத்து மேசைக்குள் போட்டுவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு தப்பு செய்துவிட்டேன். விசைப்படகில் போகிற செபாஸ்டின் அண்ணாச்சி கடைவாய்ப்பல் வலி என்று வந்தார். அன்றைக்கு அவர் முப்பத்தோராவது ஆள். எக்ஸ்ரே பார்த்தேன், ஊசி போட்டேன், பிடுங்கினேன். கையில் வந்த பல்லின் வேர் பால் மாதிரி வெள்ளை. சொத்தைப் பல் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. வாய் மரத்துப்போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு, அந்த மனுஷன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வந்து, "வலி விடமாட்டேங்குதே டாக்டரம்மா" என்றார். புண் ஆறும்வரை அப்படித்தான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினேன். சனிக்கிழமை எனக்கு ஒரு முழுச் சீலா மீன் கொண்டுவந்து கொடுக்கிறார்!

சாப்பாடு இறங்கவில்லை. கை நடுங்குகிறது. யார் வாயைத் திறந்தாலும் பல்லை மூன்று தடவை எண்ணுகிறேன். அவரிடம் சொல்லிவிடட்டுமா?

உன் ரேச்சல்

சாத்தான்குளம்
14.2.2025

ஏளா ரேச்சல்,

உனக்கென்ன கிறுக்கா? மூச்சு விடாதே. 'இரண்டும் சொத்தை' என்று கேஸ் ஷீட்டில் எழுது. மற்றதையும் எடுத்துவிடு. வலி போய்விடும், அண்ணாச்சி இன்னொரு சீலா கொண்டுவருவார். சொன்னாயானால் மீன்பிடித் துறைமுகம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். பத்து வருஷம் முதுகு ஒடியச் சேர்த்த பெயர்.

எல்லா டாக்டரும் இதைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். நான் நன்றாகத்தானே இருக்கிறேன்? ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு இங்கே வா. நன்றாகச் சமைத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
அனுசியா

தூத்துக்குடி
20.2.2025

அன்புள்ள அனு,

நீ சொன்னபடி எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அண்ணாச்சியை வரச் சொல்லி, சொல்லிவிட்டேன்.

"நல்ல பல்லையா?" என்று மட்டும் கேட்டார். எழுந்து போய்விட்டார். மறுநாள் அவர் மனைவி வந்து, காத்திருந்தவர்கள் முன்னால் கத்தினார். "வலிக்குன்னு வந்த மனுசனுக்கு மாத்திரையக் குடுத்து ஏமாத்துனியே, நீயெல்லாம் டாக்டரா?" நாலு பேர் எழுந்து போனார்கள். சொத்தைப் பல்லை வேறு இடத்தில் எடுத்துக்கொண்டார்களாம், பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதுகிறார்களாம். எழுதட்டும். அவர்கள் மன்னிக்கவில்லை அனு. ஆனாலும் அன்று மத்தியானம் நாற்காலியிலேயே மூன்று மணி நேரம் தூங்கினேன்.

பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தேன். எத்தனை நாளாக இந்தப் படபடப்பு என்று கேட்டார். இரண்டு வாரம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஆறு வருஷம் என்று வந்தது. வியாழக்கிழமை மறுபடி போகிறேன். நடுக்கம் நிற்கும்வரை கிளினிக் கிடையாது.

உன் மேல் கோபம் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

ரேச்சல்

சாத்தான்குளம்
24.2.2025

ரேச்சல்,

உன் கோபம் நியாயம். நன்றாக இருக்கிறேன் என்று எழுதியது பொய்.

சாயர்புரத்தில் கிளினிக் வைத்திருந்தபோது ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். நீ செய்த அதே தப்பைச் செய்தேன். 'இரண்டும் சொத்தை' என்று எழுதினேன். எட்டு வருஷம் ஆயிற்று. இப்போது அவள் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாத்தான்குளத்துக்கே வருகிறாள், வேறு டாக்டரை நம்பமாட்டாளாம். அவள் வந்துபோனால் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அவளிடம் சொல்லத் தைரியம் இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அந்த டாக்டரிடம் டோக்கன் வாங்கும்போது எனக்கும் ஒன்று வாங்கு.

அனு