மேலும் ஒரு பதில்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. வாசலில் நிற்கும் சில்வர் ஓக் மரமே தெரியவில்லை. துவைத்த துணி காயாது.

நான் வேலையில் இருந்த காலத்தில் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டது நாள் முழுக்க மனதில் ஓடுகிறது. பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "டீச்சர், அழிச்ச எழுத்தெல்லாம் எங்கீங்க போகும்?" டஸ்டரைத் தட்டிக் காட்டினேன். தூள் பறந்தது. வகுப்பே சிரித்தது, அவள் சிரிக்கவில்லை.

இன்று அது ஞாபகம் வரக் காரணம் மாப்பிள்ளையின் போன். ஓசூரிலிருந்து. கயல் எழுதிவந்த வலைப்பக்கம் இருக்கிற தளத்தை வியாழக்கிழமையோடு மூடுகிறார்களாம். பாஸ்வேர்டு அவரிடம் இல்லை. பார்க்கலாம், படிக்கலாம், அவ்வளவுதான். "அச்சு எடுத்து வெச்சுக்குங்க அத்தை" என்றார். என் மகள் கயல் போய்ப் பத்து மாதம். மூன்று நாள் காய்ச்சல்.

மொட்டை மாடித் தோட்டம் பற்றி இருபத்து மூன்று கட்டுரைகள். நான்கு நாள் இருக்கிறது. போதும்.

மதியம் வீட்டுப் பிரிண்டரில் முதல் பக்கத்தை எடுத்தேன். தாள் வெறுமையாக வந்த மாதிரி இருந்தது. சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தால் எழுத்து இருக்கிறது. வெளிர்சாம்பலில், அரைகுறையாகத் துடைத்த பலகை போல. மை தீர்ந்திருக்கும்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கயல் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து நான்கு வருடம் இவர் அவளோடு பேசவில்லை. அவள் போன பிறகும் அவள் பெயரை எடுப்பதில்லை. காப்பித் தோட்டம், சாப்பாடு, தூக்கம்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். பால்காரர் வரவில்லை. வரக்காப்பி.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஷீர் பாயின் ஜெராக்ஸ் கடை. புது மை வாங்கப் போனேன். தாளைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், மெஷினுக்கும் பனி புடிச்சுருச்சுங்களா?" என்றார். அவர் கடை மெஷினில் அதே பக்கத்தை எடுத்துப் பார்த்தார். அங்கேயும் அதே சாம்பல். ஆக, மை காரணமில்லை.

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம்தான் உறைத்தது. கயல் தன் பக்கத்தைப் பள்ளிக்கூடப் பலகை மாதிரி வைத்திருந்தாள். கரும்பச்சைப் பின்புலம், வெள்ளை எழுத்து. என்னால் வந்த ஆசை. பிரவுசர் மையை மிச்சம் பிடிக்கப் பின்புல நிறத்தை விட்டுவிடுகிறது. மிஞ்சுவது வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. அது கண்ணுக்குத் தெரியட்டும் என்று கொஞ்சம் சாம்பலாக்கித் தருகிறது. சுண்ணாம்பு அடித்த சுவரில் சாக்பீஸால் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி.

அச்சுப் பெட்டியில் மோர் செட்டிங்ஸ், அதற்குள் பேக்ரவுண்ட் கிராஃபிக்ஸ். பாய் டிக் அடித்தார். தாள் முழுக்கப் பச்சை. ஈரமாக, அப்பளம் போல் சுருண்டு வந்தது. "இருவத்தி மூணையும் இப்படி எடுத்தா என்ற கடையவே குடிச்சுப்போடுமுங்க" என்றார். சிரித்துவிட்டேன். பத்து மாதத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் அதற்காகவே அழுகை வந்தது.

பாய் சொன்ன இன்னொன்று: அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்தால், வராத படங்கள் வந்துவிடும்.

ஜூன் 11, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. மிளகாய் காயவைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

வழி கிடைத்தது. பிரவுசரின் ரீடிங் வியூ. அதில் போட்டால் பச்சை போய் வெள்ளையில் கறுப்பு எழுத்து. பக்கவாட்டு விளம்பரமும் போயிற்று. பாதி வரியில் வெட்டுப்பட்டது, ஸ்கேலை எண்பதாகக் குறைத்ததும் சரியானது. மேலே இன்றைய தேதி விழுகிறது. ஹெடர்ஸ் என்ற இடத்தில் டிக்கை எடுத்தேன். அவள் எழுத்துக்கு மேல் இந்தத் தேதி வேண்டாம்.

பன்னிரண்டு கட்டுரைகள் முடிந்தன. தக்காளி, புதினா, தொட்டியில் மிளகு. "எங்கூர் மலையில் சில்வர் ஓக்கில் ஏறும் கொடி, இங்கே குடிநீர்க் குழாயில் ஏறுகிறது" என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு அடுப்பில் பாலை மறந்தேன்.

இவர் வந்து தாள்களைப் பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை. சன்னலைச் சாத்திவிட்டுப் போனார், தாள் பறக்காமல்.

ஜூன் 12, வியாழன்

மழை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

மீதி பதினொன்றும் முடிந்தது. ஆனால் ரீடிங் வியூவில் கீழே வாசகர்கள் எழுதிய கருத்துகள் வருவதில்லை. அவள் சொன்ன பதில்களும் அதோடு போகின்றன. அதற்குத் தனி வழி: பழைய பக்கத்துக்குத் திரும்பி, கருத்துகளை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, அச்சுப் பெட்டியில் செலெக்‌ஷன் ஒன்லி. சாம்பலாகத்தான் வரும். பாயிடம் அடர்த்தியாக ஜெராக்ஸ் போட்டால் தெரியும்.

எல்லாக் கருத்துகளையும் அப்படி எடுத்து, பழக்கதோஷம், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். மலைக்காரன் என்ற பெயரில் ஒருவர் ஏறக்குறைய எல்லாக் கட்டுரைக்கும் எழுதியிருக்கிறார். கடைசிக் கட்டுரையின் கீழ்:

"சாமி, மிளகுத் தொட்டியில தண்ணி நிக்க உடாத. ஓட்டை அடைச்சிருந்தா குத்தி உடோணும். நியாபகம் வெச்சுக்கோ."

நியாபகம். பேனா தானாகச் சுழித்துவிட்டது. அப்புறம் கை நின்றது. முப்பத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் நான் திருத்தும் பிழை. மளிகைச் சீட்டில், கல்யாணப் பத்திரிகை உறையில், கேஸ் புத்தகத்தில். ஞாபகம் என்று எழுதுங்கள் என்று எத்தனை தடவை. "எழுதுனா எழுதுனதுதான்" என்பார் இவர்.

கயல் இறந்த அதே வாரத்தில் பெரிய போனைக் கொடுத்துவிட்டுப் பட்டன் போனுக்கு மாறினார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

ஓடிப்போய் கம்ப்யூட்டரைப் போட்டேன். அந்தக் கருத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் "மேலும் 1 பதில்". இத்தனை நாள் அது வெறும் வரி என்று நினைத்திருந்தேன். அழுத்தினேன். திறந்தது. கயல். காய்ச்சல் வருவதற்கு முந்தைய நாள்:

"அது ஞாபகம்ங்க. அம்மா பாத்தா செவப்பு மையில சுழிச்சுருவாங்க. நொம்ப நாளாவே தெரியுமுங்கப்பா. ஒருக்கா ஊட்டுக்கு வரட்டுங்களா?"

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. இவர் தோட்டத்திலிருந்து வரவில்லை. கண் மறைத்தது. ரெஃப்ரெஷ் செய்து, தேர்ந்தெடுத்து, அச்சுக்குக் கொடுத்தேன். தாள் வந்தது. கரண்ட் மறுபடி போவதற்குள் வந்துவிட்டதே என்ற நிம்மதி. ஃபைலில் வைத்துக் கட்டினேன். இவர் வந்தபோது நனைந்து நடுங்கினார். ரசம் வைத்துக் கொடுத்தேன். நாளைக் காலை நல்ல வெளிச்சத்தில் கொடுக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

பனி. 

காப்பி கொடுத்துவிட்டுத் தாளை எடுத்தேன். சாம்பல் எழுத்து. மலைக்காரன், மிளகு, நியாபகம். அதற்குக் கீழே "மேலும் 1 பதில்". அதோடு முடிந்தது.

ரெஃப்ரெஷ் செய்ததும், திறந்த பதில் மறுபடி மூடிக்கொண்டுவிட்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை. கொடுக்கும் முன் ஒருமுறை பார் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னவள்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். பச்சை இல்லை. இந்தத் தளம் இப்போது இல்லை என்று ஒரு வரி. பத்து தடவை போட்டேன். மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். அங்கேயும் அதே.

சொல்லாமல் விடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். முடியவில்லை. மேசைக்கு வந்து தாளை வைத்து, அவள் எழுதியதை வார்த்தை மாறாமல் சொன்னேன். இவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்னு எழுதியிருந்தாளா?"

"ஆமாங்க. நொம்ப நாளாவேன்னு."

"வரட்டுங்களான்னு கேட்டாளா?"

"கேட்டாளுங்க."

"நா பாக்கலியே அம்மிணி. அடுத்த நாளே ஆஸ்பத்திரின்னாங்க. அதுக்கப்புறம் தொறக்கவே இல்ல."

என் கையால் எழுதித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை போல், "இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

"மேலும் 1 பதில்" என்ற இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். காப்பி ஆறிவிட்டது. நான் தடுக்கவில்லை.

இந்த நோட்டு யார் கைக்காவது வந்தால், இது ஒன்றைச் செய்யுங்கள்: அச்சுக்குக் கொடுக்கும் முன், மூடிக்கிடக்கும் பதில்களை ஒவ்வொன்றாக அழுத்தித் திறந்துவிட்டு, ரெஃப்ரெஷ் செய்யாமல், வந்த தாளைக் கடைசி வரி வரை படித்துப் பாருங்கள்.