செல்லுக்குள் ஒரு மீன்

கோட்டா,
புதன்கிழமை மத்தியானம்

பாபூஜியின் பாதம் தொட்டு உங்கள் மகள் சுதீரா எழுதுவது.

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

பயப்படாமல் படியுங்கள், வேலை போகவில்லை. இங்கே பயிற்சி மையத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பாடக்குறிப்புக்காகத் தாவரச் செல் வரைந்தேன். நடுவில் பெரிய காலி இடம். துளி இடம்கூட விடாமல் மதுபனி ஓவியம் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? குட்டி மீன் ஒன்றைப் போட்டு நிரப்பிவிட்டேன். அது அப்படியே அச்சாகிவிட்டது.

நேற்றுத் தேர்வில் முப்பத்தொரு பேர் செல்லுக்குள் மீன் வரைந்திருக்கிறார்கள். ஒரு பெண் அதற்குக் கோடு இழுத்து, "மீன் நுண்ணுறுப்பு, வேலை தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாள்.

உயிரியல் ஆசிரியை ராட்டோர் மேடம் விடைத்தாள்களோடு வந்தார். "ஏம்மா, செல்லைப் போடச் சொன்னா குளம் வெட்டி வச்சிருக்கியே!"

"காலியா விட்டா எங்க ஊர்ல அரைகுறை வேலைன்னு சொல்லுவாங்க மேடம். நிஜமா அந்த இடத்துல என்னதான் இருக்கு?"

என்னை ஆய்வகத்துக்கு இழுத்துப்போய், ஒரு நீர்ச்செடியின் இலையை நுண்ணோக்கியில் வைத்தார். "நீயே பாரு. நடுவுல பெரும்பாலும் தண்ணிதான்."

பாபூஜி, அந்தத் தண்ணீரைச் சுற்றிப் பச்சை மணிகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருந்தன!

"அப்போ மீன் இருந்தா தப்பில்லையே?" என்றேன். மேடம் சிரித்துவிட்டார். மறு அச்சில் மீன் கிடையாது.

சத்துமாவு தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். கூடவே நம் வீட்டுக் கொல்லைக் குளத்துத் தண்ணீர் ஒரு சின்னப் பாட்டிலில், மூடியை இறுக்கி. பிள்ளைகளுக்குக் காட்டத்தான் என்று மேடத்திடம் சொல்லியிருக்கிறேன்.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன். ஆனால் அந்தக் குளத்துத் தண்ணீரை நுண்ணோக்கியில் முதலில் நான்தான் பார்ப்பேன்.

சுதீரா